கடற்கரையில் ஒரு பெரட்டு

நம்ம வயசுக்காரர்களே, முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நீந்தத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில் பிறந்தவனுக்கு நீச்சல் எதற்கு? நமக்குத் தெரிந்த தண்ணீர் எல்லாம் பீலியில் விழும், வடிகானில் ஓடும், கீழே போய்விடும். போன தண்ணீர் திரும்பி வந்ததாக யாரும் சொன்னதில்லை. அதனால்தான் கடலை முதன்முதலாகப் பார்த்த அன்று, போன அலை திரும்பி என் காலைத் தேடி வந்தபோது, நான் அலறிக்கொண்டு பக்கத்தில் நின்ற மனிதரின் தோளில் ஏறிவிட்டேன். அப்பா என்று நினைத்து ஏறினேன். அப்பா எனக்கு முன்னால் லொறிக்கு ஓடிப் போயிருந்தார்.

நான் ஏறிய தோளுக்குச் சொந்தக்காரர்தான் அந்தக் கடற்கரையின் உயிர்காப்பாளர். அந்தச் சொல் அப்போது அவருக்கே தெரியாது. கட்டம் போட்ட சாரம், வெற்று மேல், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பித்தளை விசில். அந்த ஊர் முஸ்லிம் மனிதர், மீன்பிடிக்காரர். பெரியவர்கள் அண்ணன் முறைக்கு "நானா" என்று கூப்பிட்டதால் நாங்களும் விசில் நானா என்றோம். அவர் என்னை இறக்கிவிடவில்லை. என்னைத் தோளில் வைத்தபடியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அக்காவுக்குப் பதின்மூன்று. ஆகஸ்ட் லீவுக்கு எங்கள் கங்காணியார் தோட்டத்துக் கொழுந்து லொறியைக் கேட்டு வாங்கி, நாற்பத்தொரு பேரை ஏற்றிக்கொண்டு பொத்துவில் பக்கம் கடல் பார்க்கக் கிளம்பினார். விடியுமுன் புறப்பட்டு, பசறை தாண்டி, மொனராகலை தாண்டி, சியம்பலாண்டுவ தாண்டிப் போன பயணம். லொறியில் கொழுந்து வாசம் போகவேயில்லை. பச்சைத் தேயிலையின் அந்த ஈர வாசத்தோடு புளிச்சோற்று வாசமும், வாந்தி எடுத்தவர்களின் வாசமும் சேர்ந்துகொண்டது. வாந்தி எடுத்தவர்களில் நானும் ஒருவன். இரண்டு தடவை. இரண்டாவது தடவை கங்காணியாரின் தொப்பிக்குள்.

நடுவில் காட்டுப் பகுதியில் லொறி நின்றது. ஆண்கள் இறங்கிப் பாதையோரம் நின்றுவிட்டு வந்தார்கள். பெண்கள் இறங்கப் போனபோது டிரைவர், யானை நிற்கிற இடம், யாரும் உள்ளே போக வேண்டாம் என்றார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்துவிட்டார்கள். அதை நான் பார்த்தேன். அதில் ஒரு செய்தி இருப்பது எனக்குத் தெரியவில்லை. நாற்பதுக்கு மேற்பட்ட தலைகளில் அது ஒருவருக்குமே தெரியவில்லை.

கடற்கரையில் விசில் நானாவுக்கு ஓர் ஏணி இருந்தது. பனைமரக் கால்கள் நான்கு நட்டு, மேலே பலகை போட்டு, அதில் குந்தியிருப்பார். பக்கத்தில் ஒரு லொறி டியூப், பந்தாகச் சுற்றிய கயிறு, கம்பில் கட்டிய சிவப்புத் துணி. கங்காணியார் ஏணிக்குக் கீழே நின்று அண்ணாந்து விசாரணை நடத்தினார். என்ன வேலை? பார்க்கிற வேலை. எதைப் பார்க்கிறது? கடலை. கடல் எங்கே போய்விடப் போகிறது? கடல் போகாது, ஆள்தான் போகும் என்றார் நானா.

அவருக்கு முன்னால் அவருடைய பெரியவாப்பா அதைச் செய்தாராம். கரைவலை இழுக்கிறபோது வலையோடு வெளியூர்க்காரன் ஒருவனும் வந்தானாம், உயிரில்லாமல். அன்றையிலிருந்து பெரியவாப்பா வலையை விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்தாராம். பிறகு பலகை வைத்துக்கொண்டு அலையில் ஏறுகிற வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவன் கொடுத்துவிட்டுப் போனதுதான் விசில். சாப்பாடு பக்கத்து விடுதியில். இவ்வளவுதான் அந்தக் கடற்கரையின் காவல் வரலாறு. அவர் அதைச் சொன்ன நேரத்தில் ஒரு தடவைகூட எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கண் கடலிலேயே இருந்தது. கங்காணியாருக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது.

"மேல குந்திக்கிட்டு வெறிச்சுப் பாக்குறதெல்லாம் ஒரு வேலையா," என்று அப்பாவிடம் சொன்னார். நாள் முழுக்க மலையில் நின்று நாற்பது பெண்கள் கொழுந்து எடுப்பதைப் பார்ப்பதுதான் அவருடைய வேலை. அப்பா அதை அவருக்கு நினைவுபடுத்தவில்லை. நாங்கள் லயத்துக்குத் திரும்பிப் போக வேண்டியவர்கள்.

நானாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. கூட்டமாக வருகிறவர்கள் மூன்று விசில் கேட்டால் கரைக்கு வர வேண்டும். அவர் தலை எண்ணுவார். மற்ற ஊர்க்காரர்கள் விசிலைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்களாம். எங்களிடம் அவர் முதல் தடவை ஊதியதும் நடந்ததைப் பார்த்து அவர் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. நாற்பத்தொரு பேரும் ஓடிவந்து வரிசையில் நின்றோம். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் முன்னால். கங்காணியார் பேர் எழுதிய ஈரக் கொப்பியை எடுத்துப் பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

பெரட்டு. நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதை உங்கள் பேரப்பிள்ளை எட்டிப் பார்த்துப் படித்தால் தெரியட்டும்: காலையில் மலைக்குப் போகுமுன் எல்லோரும் களத்தில் நிற்க வேண்டும், பேர் கூப்பிடுவார்கள், பேர் விழாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. ஆனால் கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, மலைப்படியில் மூச்சிரைக்க ஓடிவருகிறவள் எப்போதும் ஒருத்தி இருப்பாள். அவள் பேர் வரும்போது வரிசையிலிருந்து யாராவது ஒருத்தி, "இந்தா வருதுங்க," என்பாள். கங்காணியார் படிப்பக்கம் திரும்பாமலே பேர் போடுவார். அது பொய் இல்லை. அவள் வந்துகொண்டுதான் இருப்பாள். எங்கள் லயத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட பெரிய உதவி அந்த இரண்டு சொல்தான். குழந்தை 'அம்மா' சொல்லப் பழகுகிற வயசிலேயே நாங்கள் 'இந்தா வருதுங்க'வும் பழகிவிடுவோம்.

சாப்பாட்டுக்கு முன் இரண்டு பெரட்டு. இரண்டிலும் கங்காணியார் கூப்பிட்ட பேரும் நானா எண்ணிய தலையும் சரியாக இருந்தன. நானா மகிழ்ந்துபோனார். இப்படி ஒரு கூட்டம் தன் ஆயுசில் வரவில்லை என்றார்.

சாப்பிட்டோம். மணல் கலந்த புளிச்சோறு. அக்கா சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. எனக்கு அவள் பங்கு முட்டையும் கிடைத்ததால் நான் காரணம் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் என் காதைப் பிடித்து வள்ளங்கள் நிற்கிற பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள். முகம் வெளிறியிருந்தது. பெரிய பெண்கள் காலையில் கூட்டமாக ஒரு பாறைக்குப் பின்னால் போய் வந்திருந்தார்கள். இவளுக்கு அவர்களோடு போக வெட்கம். இப்போது அந்தப் பாறைக்குப் பக்கத்தில் ஆண்கள் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்கள்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். நமது மலையில் எங்கு திரும்பினாலும் தேயிலைச் செடி. இடுப்பளவு மறைப்பு எப்போதும் உண்டு. கடற்கரை மாதிரி ஒளிய இடமில்லாத ஊரை நாங்கள் பார்த்ததே இல்லை.

"நான் அந்தக் கடேசிப் பாறைக்குப் போயிட்டு வர்றேன். யாராச்சும் கேட்டா இந்தா வருதுன்னு சொல்லு. எங்கன்னு சொன்ன, ஒன்னைய கொன்னு கடல்ல போட்டுருவேன்," என்றாள்.

பச்சை ரிப்பன் ஆட ஆட, ஈர மணலில் அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் மூன்றாவது பெரட்டுக்கு விசில். வரிசை நின்றது. அக்காவின் பேர் வந்தது. நான் கட்டளைப்படி, "இந்தா வருதுங்க," என்றேன். சும்மா சொல்லவில்லை, பெரிய பெண்கள் இழுத்துச் சொல்வது மாதிரியே சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். கங்காணியாரும் சிரித்துக்கொண்டே பேர் போட்டார். என் நடிப்பில் எனக்கே மயக்கம். அந்த நேரத்தில் காற்று திரும்பியிருந்தது. நானா தலை எண்ணவில்லை. கடலைப் பார்த்தபடியே பேர் சரியா என்று கேட்டார். சரி என்றார் கங்காணியார். நானா சிவப்புத் துணிக் கம்பை இன்னும் கரைக்குக் கிட்டே நட்டார், முழங்காலுக்கு மேல் யாரும் போகக் கூடாது என்றார்.

அக்கா வரவில்லை.

நான் தண்ணீரில் இறங்கவில்லை. பத்து அலைக்குள் வந்துவிடுவாள் என்று எண்ணினேன். பத்து ஆனது. அது சின்ன அலைகள், கணக்கில் சேராது என்று மறுபடி எண்ணினேன். அம்மாவிடம் போய் அக்கா எங்கே என்று, எனக்குத் தெரியாத மாதிரி, கேட்டேன். பெரியம்மாவோடு இருப்பாள் என்றார் அம்மா. பெரியம்மாவிடம் போனேன். அம்மாவோடு இருப்பாள் என்றார் பெரியம்மா. இருவரும் சொன்ன விதத்தில் எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது. தின்ற முட்டை இரண்டும் தொண்டைக்கு வந்து நின்றன. கடைசிப் பாறை இருந்த பக்கம் வெள்ளையாக நுரை எழுந்து எழுந்து விழுந்தது. காலையில் அங்கே நுரை இருந்ததா? ஞாபகம் வரவில்லை. சொல்லிவிடலாமா? சொன்னால் அக்கா கொன்றுவிடுவாள். கொல்வதற்கு அவள் வர வேண்டுமே என்று அப்போது தோன்றியது.

நாலாவது பெரட்டுக்கான விசில் நீளமாக வந்தது. கடலை மூடுகிறேன் என்றார் நானா. வரிசை. பேர்கள். அக்காவின் பேர் நெருங்கியது. பேர் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

பின்னாலிருந்து ஒரு குரல், "இந்தா வருதுங்க."

எனக்கு அந்த நொடியில் வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? திரும்பிப் பார்த்தேன். வெறும் மணல். சொன்னது பெரியம்மா. பாறைப் பக்கம் எந்தப் பெண் போனாலும் ஏன் போனாள் என்று அவருக்குத் தெரியும். கூட்டத்தில் எப்படிச் சொல்வது என்று, வருஷக்கணக்காகக் களத்தில் சொன்னதைச் சொல்லிவிட்டார். கங்காணியார் பேர் போட்டார்.

ஆனால் இந்தத் தடவை நானா வரிசையில் நடந்தார். ஒவ்வொரு தலையாகக் கை வைத்து எண்ணினார். கடைசியில் நின்று, "நாப்பது," என்றார்.

கங்காணியார் கொப்பியை நீட்டினார். நாற்பத்தொன்று, எல்லாப் பேரும் விழுந்திருக்கிறது, இத்தனை வருஷத்தில் தன் பெரட்டில் ஒரு பேர் பிசகியதில்லை என்றார்.

"பேர் எனக்கு வேணாம், கங்காணி. தல வேணும். ஒரு தல இல்ல," என்றார் நானா.

அம்மா பெரியம்மாவைப் பார்த்தார், பெரியம்மா அம்மாவைப் பார்த்தார். நானாவின் கை மறுபடி தலைகளின் மேல் வந்துகொண்டிருந்தது. உப்பும் மீனும் மணக்கிற கை. அது என் தலையில் பட்டதும் எல்லாம் உடைந்துவிட்டது. அக்கா கடைசிப் பாறைக்குப் போனாள், சோறு தின்றவுடனேயே போனாள், ஒதுங்கப் போனாள் என்று, தோட்டமே கேட்கக் கத்தினேன். பொடியன் ஒருவன் சிரித்தான். நானா சிரிக்கவில்லை.

"ஒருத்தரும் தண்ணிக்கி எறங்கப்படாது," என்று சொல்லிவிட்டு டியூபையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு ஓடினார். வலை பின்னிய ஆட்கள் எழுந்து கூட ஓடினார்கள். நாங்களும் ஓடினோம்.

அக்கா பாறையின் உச்சியில், பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நடந்து போன ஈர மணல் இப்போது கடல். கத்திக்கொண்டிருந்தாள், வாய் தெரிந்தது, சத்தம் வரவில்லை. காற்று அதை வேறு பக்கம் கொண்டு போனது. எவ்வளவு நேரமாக அப்படிக் கத்தினாளோ.

நானா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மறுமுனையை ஆட்களிடம் கொடுத்துவிட்டு, நின்றார். சும்மா நின்றார். ஓர் அலை வந்தது. இரண்டாவது வந்து அக்காவின் முழங்காலை நனைத்தது. அப்பா தண்ணீரை நோக்கிப் பாய்ந்தார். கங்காணியார்தான் அப்பாவின் இடுப்பைக் கட்டிப் பிடித்து மணலில் விழுந்தார். அதற்கு மட்டும் அவருக்கு என் நன்றி உண்டு. விழுந்த இடத்திலிருந்து அப்பா, "என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிற, எம்புள்ளய்யா அது," என்று அழுதார்.

நானா திரும்பவில்லை. இன்னும் ஓர் அலையைப் பார்த்தார். அது பெரிய அலை. அக்கா குந்திப் பாறையைக் கட்டிக்கொண்டாள். அது பின்வாங்கியது, அதோடு சேர்ந்து அவரும் போனார். அடுத்தது வருவதற்குள் பாறைக்குப் போய்விட்டார். முன்னதாக இறங்கியிருந்தால் அந்தப் பெரிய அலை அவரையே பாறையில் அடித்திருக்கும் என்று எனக்குப் புரிய எத்தனையோ வருஷமாயிற்று. அப்போது நானும் அப்பாவைப் போலத்தான் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

டியூபுக்குள் அக்காவைப் போட்டு இழுத்து வந்தார்கள். முழங்கால் கிழிந்து ரத்தம். ரிப்பன் போய்விட்டது. அம்மா ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். கன்னத்தில் ஓர் அறை விட்டார். பிறகு கட்டிப்பிடித்தார். பிறகு என்னைத் தேடி வந்து எனக்கும் ஒன்று. எனக்குக் கட்டிப்பிடிப்பு கிடைக்கவில்லை.

வலைக்கொட்டிலில் அக்காவுக்குப் பிளேன்டீ கொடுத்தார்கள். நானா வாசலில் குந்தி முழங்கையில் இருந்த சிராய்ப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாவிடம், நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நானும் பேர நம்பிட்டன் தங்கச்சி. இத்தின வருஷமா இஞ்ச இரிக்கன். பொம்புளப் புள்ளையள் எங்க போவாங்கண்டு ஒரு நாளும் நான் யோசிக்கல்ல."

திரும்பி வரும்போது லொறியில் யாரும் பேசவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் பேசினார்கள். குசுகுசுவென்று பேசினார்கள். நான் கத்தியதை நாற்பது பேரும் கேட்டார்கள்தானே? ஒருவரும் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. அது சொல்லக் கூடாத விஷயம். சொல்லக் கூடியதாக ஒன்றைச் செய்துகொண்டார்கள். திங்கட்கிழமை பெரட்டுக்கு முன்னால் கதை தயார்: அவள் வள்ளக்காரப் பையன் ஒருவனைப் பார்க்கப் போனாளாம். பெரியம்மா மறுத்தார். எதற்குப் போனாள் என்று கேட்டபோது அவரும் வாயை மூடிக்கொண்டார். அப்பா அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார். இன்னும் கொஞ்ச நாளில் கொழுந்துக் கூடையைக் கட்டிக்கொண்டு அவள் மலைக்குப் போனாள். வகுப்பில் கணக்கில் முதலாவது வந்துகொண்டிருந்தவள். நான் எப்போதும் கடைசி. என்னை யாரும் நிறுத்தவில்லை.

அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டது என் கல்யாணத்துக்குப் பிறகுதான். எதற்குடா என்றாள். நான் 'இந்தா வருது' சொன்னதற்கு என்றேன். அதைச் சொல்லச் சொன்னதே நான்தானே, நான் எங்கே என்று நீ சொல்லாமல் விட்ட நேரம்தான் எனக்குக் கோபம் என்றாள்.

அடுத்த வருஷமும் லொறி போனது. அப்பா அக்காவை விடவில்லை. நானாவின் ஏணிக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று நின்றது: நாலு கம்பு, சுற்றிலும் தென்னங்கிடுகு, சாக்குப் படுதா, உள்ளே ஒரு வாளித் தண்ணீர். கங்காணியார் கடை போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். நானா டியூபைக் காட்டினார், கயிற்றைக் காட்டினார், பிறகு கிடுகைக் காட்டினார். எல்லாம் ஒரே வேலைக்குத்தான் என்றார். எங்கள் பெண்கள் ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். போய் வந்தவர்கள் சத்தமாகச் சிரித்தார்கள். முதல் வருஷம் அவர்கள் ஒருவரும் அப்படிச் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் புள்ள வரல்லயா என்று நானா அம்மாவிடம் கேட்டார். வேலைக்குப் போகிறாள் என்றார் அம்மா. நானா தலையாட்டிவிட்டு ஏணியில் ஏறிக்கொண்டார்.

அதற்கப்புறம் சண்டைக் காலம். அந்தப் பக்கம் போகவில்லை. போன ஆகஸ்டில்தான் மகன் வேன் பிடித்துப் பேத்தியோடு என்னையும் அழைத்துப் போனான். ஏணி நின்ற இடம் எது என்றே தெரியவில்லை. உயரக் கோபுரம், கொடிகள், சிவப்பும் மஞ்சளும் உடுத்த பையன்கள், தூரக் கண்ணாடி. இந்தக் காவல் எப்போது தொடங்கியது என்று ஒரு பையனிடம் கேட்டேன். தாங்கள் வந்த பிறகுதான் ஐயா, அதற்கு முன் யாரும் இல்லை என்றான். நான் கொஞ்சம் சொன்னேன். பையன் மரியாதையாகத் தலையாட்டினான். கண் மட்டும் கடலிலேயே இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

பேத்தி தண்ணீரில் இறங்க வேண்டும் என்று குதித்தாள். பதின்மூன்று வயசு. கொஞ்சம் பொறு என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். லயத்தில் இருக்கிற அக்காவுக்குப் போன் போட்டேன். கோபுரத்தைச் சொன்னேன், கண்ணாடியைச் சொன்னேன், கொடிகளைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"பொம்பளைங்க ஒதுங்க எடம் கட்டியிருக்கானுகளா?"

திரும்பிப் பார்த்தேன். பாதையோரம் ஒரு கட்டடம் இருந்தது. இருக்கு என்றேன்.

"உள்ளுக்குப் பாத்தியா?"

"பொம்பளைங்க போற எடத்துல நான் எப்படிக்கா பாக்குறது?"

"அப்ப புள்ளய அனுப்பு."

அனுப்பினேன். அக்கா போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருந்தது. பேத்தி கைகளை உதறிக்கொண்டு வந்தாள். தண்ணீர் வருகிறது, தாழ்ப்பாள் இருக்கிறது என்றாள். அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன்.

"சரி. இப்ப எறங்கச் சொல்லு," என்றாள் அக்கா.